டே கேரிலிருந்து போன் யாருக்கு வரும்? கிளாடியா கோல்டின் ஆய்வுகள் பற்றி ஒரு இழை

#1 வைகைக்கரை
செவ்வாய், இரவு 9:40

போன வாரம் சம்பள இழையில் நடந்த மல்லுக்கட்டைப் பார்த்தேன். ‘ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதெல்லாம் கட்டுக்கதை’ என்று ஒரு தரப்பு. ‘அப்பட்டமான பாரபட்சம்’ என்று மறுதரப்பு. வேடிக்கை என்னவென்றால் இரண்டு தரப்புமே கிளாடியா கோல்டினைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டன. அந்த அம்மாவின் கட்டுரைகளை வகுப்பில் நடத்திப் பிழைக்கிறவன் நான். தனி இழை போட்டுவிடலாம் என்று தோன்றியது.

கோல்டின் 1946-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு நுண்ணுயிரியல் படிக்கப் போய், பொருளாதாரத்துக்குத் தாவி, 1972-ல் சிகாகோவில் முனைவர் பட்டம் வாங்கினார். ஹார்வர்டு பொருளாதாரத் துறையில் நிரந்தரப் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண். 2023-ல் பொருளாதார நோபல். அதை யாரோடும் பங்கிடாமல் வாங்கிய முதல் பெண்ணும் அவர்தான். தன்னைத் துப்பறிவாளர் என்று சொல்லிக்கொள்வார். விளையாட்டுப் பேச்சு இல்லை, செய்த வேலை அப்படித்தான்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் மணமான பெண்ணின் தொழில் கட்டத்தில் பெரும்பாலும் ‘மனைவி’ என்று இருக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே இருக்காது. கணவனோடு வயலில் நின்றவள், வீட்டிலேயே துணி தைத்துக் கொடுத்தவள், வாடகைக்குத் தங்கியவர்களுக்குச் சமைத்துப் போட்டவள் எல்லோரும் ‘மனைவி’தான். கோல்டின் அந்தக் கட்டத்தை நம்பவில்லை. பிலடெல்பியா நகரத்தின் பழைய முகவரிக் கையேடுகளைப் புரட்டினார். குடும்பத் தலைவியாகிவிட்ட கைம்பெண்களுக்கு அதில் தொழில் போட்டிருக்கும். பலருக்கு அது செத்துப்போன கணவன் செய்த அதே தொழில். அவன் கண்மூடியதும் அவள் கடையை எடுத்து நடத்துகிறாள் என்றால், அதற்கு முந்தைய நாள்வரை அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்?

இப்படித் தோண்டித் திருத்தியதில், 1890களின் கடைசியில் வேலை பார்த்த மணமான பெண்களின் விகிதம் அரசுக் கணக்கில் இருந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று தெரியவந்தது. இருநூறு வருடக் கணக்கையும் சேர்த்து வரைந்தால், விவசாயத்திலிருந்து தொழிற்சாலைக்கு மாறிய காலத்தில் கோடு இறங்குகிறது. அலுவலக வேலையும் படிப்பும் பெருகிய 20ஆம் நூற்றாண்டில் ஏறுகிறது. கிண்ணத்தைக் குறுக்கே வெட்டிய மாதிரி ஒரு வளைவு. நாடு வளர்ந்தால் பெண்கள் தானாக வேலைக்கு வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு அங்கேயே சங்கு ஊதியாயிற்று.

சரி, சண்டைக்கு வருவோம். 1960, 70களில் முழுநேரம் வேலை பார்த்த அமெரிக்கப் பெண்ணின் இடைநிலைச் சம்பளம், ஆணின் 1 டாலருக்கு 60 சென்ட் சுமார். ‘59 சென்ட்’ என்று சட்டையில் பட்டன் குத்திக்கொண்டு போராடினார்கள். 2022-ல் அது 84 சென்ட். மிச்சம் 16 எங்கே போகிறது?

கோல்டினும் மரியான் பெர்ட்ரண்டும் லாரன்ஸ் காட்ஸும் (காட்ஸ் கோல்டினின் கணவர்) சிகாகோவில் 1990க்கும் 2006க்கும் இடையில் எம்.பி.ஏ. முடித்தவர்களை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரே படிப்பு, ஒரே வளாகம். வேலையில் சேரும்போது ஆணின் சராசரிச் சம்பளம் 1,30,000 டாலர், பெண்ணுக்கு 1,15,000. பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்பது வருடம் கழித்து ஆணுக்கு 4,00,000, பெண்ணுக்கு 2,50,000. நடுவில் என்ன நடந்தது? வாரத்துக்கு எத்தனை மணிநேரம், எத்தனை மாதம் வேலையை விட்டு நின்றார்கள், இந்த இரண்டிலும்தான் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. இரண்டுமே குழந்தை பிறந்ததை ஒட்டி வந்தவை. குழந்தை இல்லாத பெண்களுக்கு இந்த இடைவெளி மிகச் சிறியது. இன்னொன்றும் பாருங்கள்: கணவன் நிறையச் சம்பாதிக்கும் வீட்டில்தான் மனைவி அதிகமாக வேலையைக் குறைத்திருக்கிறாள்.

ராத்திரி பதினொரு மணிக்கும் ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டால் வர வேண்டும், வந்தால் இரட்டிப்புக்கு மேல் கொடுப்போம் என்கிற வேலைகளுக்கு அவர் சொல்லும் பெயர் ‘பேராசை பிடித்த வேலை’. வகுப்பில் நான் ‘ஆளை விழுங்கும் வேலை’ என்கிறேன், பையன்களுக்குச் சட்டென்று புரிகிறது.

அதனால் போன வாரச் சண்டையில் இரண்டு தரப்பும் பாதிதான் சொன்னீர்கள். ஒரே மேசையில் ஒரே வேலைக்கு வேறு சம்பளம் என்பது இன்று சின்னப் பங்கு. பெரிய பங்கு, வீட்டில் இருவரில் யார் ‘கூப்பிட்டால் வருகிறேன்’ என்று அலுவலகத்துக்குச் சொல்வது, யார் அதையே வீட்டுக்குச் சொல்வது என்பதில் இருக்கிறது. அந்த முடிவு உங்கள் வீடுகளில் எப்படி எடுக்கப்பட்டது? எடுக்கப்பட்டதா, இல்லை தானாக விழுந்ததா?


#2 கணக்கன்
செவ்வாய், இரவு 10:15

முதலில் ஒரு பூச்சி பிடித்தல்: பொருளாதாரத்துக்கு நோபல் உயிலில் பரிசு எழுதவில்லை. ஸ்வீடன் மத்திய வங்கி அவர் நினைவாகக் கொடுப்பது அது. இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இரண்டாவது, சார், நீங்களே வழக்கை முடித்துவிட்டீர்கள். மணிநேரம் குறைவு, இடையில் விடுப்பு, அதனால் சம்பளம் குறைவு. இதில் அநியாயம் எங்கே? அவர்களாக எடுத்த முடிவு. எனக்கும்தான் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போக ஆசை. போகிறவனுக்குப் பதவி உயர்வு இல்லை என்றால் அது கணக்கு, சதி இல்லை.


#3 வைகைக்கரை
செவ்வாய், இரவு 10:52

கணக்கன், ‘அவர்களாக எடுத்த முடிவு’ என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1942-ல் அமெரிக்கப் பள்ளி வாரியங்களில் 87 சதவீதம், மணமான பெண்ணை ஆசிரியையாக வேலைக்கு எடுக்காது. ஏற்கெனவே வேலையில் இருப்பவள் கல்யாணம் செய்துகொண்டால் 70 சதவீத வாரியங்கள் அவளை வைத்துக்கொள்ளாது. அன்றைக்கும் ஒரு டீச்சர் ‘கல்யாணத்துக்காக நானாகத்தான் வேலையை விட்டேன்’ என்று சொல்லியிருப்பார்.

இன்னொன்று. 1968-ல் இளம்பெண்களிடம் ‘35 வயதில் நீ வேலையில் இருப்பாயா?’ என்று கேட்டிருக்கிறார்கள். சுமார் மூன்றில் ஒருத்திதான் ஆம் என்றாள். தங்கள் அம்மாக்களைப் பார்த்துச் சொன்ன பதில் அது. அந்த எண்ணத்தில் படிப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். 35 வயது வந்தபோது அவர்களில் பெரும்பாலோர் வேலையில் இருந்தார்கள், ஆனால் அதற்கு வேண்டிய படிப்பைப் படித்திருக்கவில்லை. பின்னால் கருத்தடை மாத்திரை மணமாகாத இளம்பெண்களுக்கும் கிடைக்கத் தொடங்கியதும் கல்யாணத்தைத் தள்ளிப்போட முடிந்தது, நீண்ட படிப்பில் துணிந்து இறங்க முடிந்தது. 1970-ல் சட்டக் கல்லூரி முதலாண்டில் பெண்கள் 10 சதவீதம். 1980-ல் 36. கோல்டினும் காட்ஸும் எழுதிய கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பத்து வருடத்தில் பெண்களின் புத்தி மாறிவிடவில்லை. கண்ணுக்குத் தெரிந்த எதிர்காலம் மாறிவிட்டது.


#4 நியூஜெர்சி நெல்லையான்
புதன், காலை 6:05

வைகைக்கரை அண்ணன் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அது தானாக விழுந்தது.

நானும் மனைவியும் ஒரே கல்லூரி, ஒரே வருடம். மதிப்பெண் அவளுக்குத்தான் கூட. இங்கே வந்தபோது இரண்டு பேருக்கும் சம்பளத்தில் நாலாயிரம் டாலர்தான் வித்தியாசம், அதுவும் அவளுக்குச் சாதகமாக. பையன் பிறந்தான். இங்கே டே கேர்களில் காய்ச்சல் 100.4 தொட்டால் போதும், ‘வந்து கூட்டிக்கொண்டு போங்கள்’ என்று போன் வந்துவிடும். மருந்து கொடுக்காமல் ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் திரும்பச் சேர்ப்பார்கள். ஆக ஒரு காய்ச்சல் என்றால் இரண்டு வேலைநாள். முதல் குளிர்காலத்தில் மட்டும் எத்தனை முறை என்று எண்ணுவதையே விட்டுவிட்டோம்.

முதல் போன் வந்த நாள் எனக்கு ஒரு வாடிக்கையாளர் கூட்டம் இருந்தது. அவளுக்கும் கூட்டம்தான், ஆனால் உள்கூட்டம். ‘இன்றைக்கு நீ போயேன்’ என்றேன். அவ்வளவுதான் அண்ணே, எங்கள் வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை. அடுத்த முறை நான் கேட்கக்கூட இல்லை. இரண்டு வருடத்தில் அவள் ‘நெகிழ்வான’ குழுவுக்கு மாறினாள், நான் மேனேஜர் ஆனேன். இன்றைக்கு எனக்கும் அவளுக்கும் உள்ள சம்பள வித்தியாசத்தை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

இதில் யாராவது அவளை ஏமாற்றினார்களா என்றால் இல்லை. மேலாளர் நல்லவர், நானும் அப்படி ஒன்றும் கொடுமைக்காரன் இல்லை. டே கேர் படிவத்தில் முதல் எண் என்னுடையது. ஆனாலும் போன் அவளுக்குத்தான் போகிறது.


#5 கணக்கன்
புதன், காலை 9:30

நெல்லையான், நல்ல பதிவு. ஆனால் நீங்கள் இருவருமாக அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தாலும் இதே முடிவுக்குத்தான் வந்திருப்பீர்கள். ஒருவர் முழுமூச்சாக ஓடினால் வீட்டுக்கு மொத்தமாக அதிகம் வரும்.


#6 வைகைக்கரை
புதன், மதியம் 1:20

கணக்கன் சொல்வது உண்மை. அங்கேதான் விஷயம் கசக்கிறது. நானாகப் போட்ட ஒரு எண்ணை வைத்துப் பார்ப்போம்.

சாதாரண வேலை: வாரம் 40 மணி, மணிக்கு 50 டாலர், ஆக 2,000. ஆளை விழுங்கும் வேலை: வாரம் 60 மணி, ஆனால் மணிக்கு 75 டாலர், ஆக 4,500. மணிநேரம் ஒன்றரை மடங்கு, கூலி இரண்டேகால் மடங்கு.

இருவரும் சாதாரண வேலை பார்த்தால் வீட்டுக்கு 4,000. ஒருவர் விழுங்குகிற வேலை, மற்றவர் சாதாரண வேலை என்றால் 6,500. இருவருமே அதில் போனால் 9,000, ஆனால் காய்ச்சல் பையனைக் கூட்டிவர ஆள் இல்லை. எனவே வீட்டில் சமத்துவம் வேண்டும் என்றால் வாரம் 2,500 டாலரைக் கைவிட வேண்டும். பெரும்பாலான தம்பதி கைவிட மாட்டார்கள். அப்புறம் யார் எந்த வேலை என்ற கேள்விக்கு ஊர் வழக்கம் பதில் சொல்லிவிடும்.

கோல்டின் இதை இரண்டு முடிச்சாகப் பிரிக்கிறார். ஒன்று ஆண்–பெண் வேறுபாடு, இன்னொன்று தம்பதிக்குள் சமத்துவம் போவது. இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழும் வீட்டில் முதல் முடிச்சு இல்லை, இரண்டாவது அப்படியே இருக்கிறது.

இப்போது விழுங்கும் வேலையின் மணிக்கூலி 75-லிருந்து 100 ஆகிவிட்டது என்று வையுங்கள். 6,000 கூட்டல் 2,000, மொத்தம் 8,000. சமத்துவத்தின் விலை வாரம் 2,500-லிருந்து 4,000-க்கு ஏறிவிட்டது. வீட்டுக்குள் யாரும் எதையும் மாற்றவில்லை. வெளியே மேல்தட்டுச் சம்பளம் மட்டும் ஏறியது. வருமான ஏற்றத்தாழ்வு ஒரு தனிப் பாடம், பெண்–ஆண் சம்பளம் இன்னொரு தனிப் பாடம் என்றுதான் நாங்கள் நடத்துகிறோம். அமெரிக்காவில் 1980க்குப் பிறகு உச்சிச் சம்பளங்கள் தாவிய அதே காலத்தில், படித்த பெண்களின் இடைவெளி குறைவது ஏன் தேங்கியது என்று கேட்டால் இந்தக் கூட்டல் கணக்குதான் நினைவுக்கு வருகிறது.


#7 மாத்திரைக்காரி
புதன், இரவு 8:45

டெக்சாஸில் மருந்தகப் பார்மசிஸ்ட். பதினான்கு வருடம். கோல்டினும் காட்ஸும் எங்கள் தொழிலைத்தான் ‘மிகச் சமத்துவமான தொழில்’ என்று எழுதினார்கள். யாரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் சொல்வது சரி. ஒரு காலத்தில் இங்கே தெருமுனையில் சொந்தக் கடைகள்தான். கடைக்காரர் ஆண். நோயாளிகளை அவருக்குத்தான் தெரியும், நள்ளிரவில் அவசரம் என்றாலும் அவர்தான் வர வேண்டும். அப்புறம் சங்கிலிக் கடைகளும் மருத்துவமனை மருந்தகங்களும் வந்தன. மருந்து ஆலையிலிருந்தே மாத்திரையாக வந்தது. நோயாளி என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், எதற்கு ஒவ்வாமை, எல்லாம் திரையில் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு நான் கோட்டைக் கழற்றினால் அடுத்தவர் மாட்டிக்கொண்டு, நான் விட்ட இடத்தில் எண்ணத் தொடங்குவார். வரிசையில் நிற்கும் பாட்டிக்கு ஆள் மாறியதே தெரியாது. நான் போனால் வேலை நிற்காது, அதனால் நான் ராத்திரி பகல் நிற்க வேண்டியதில்லை. வாரம் 24 மணிநேரம் பார்த்தாலும் எனக்கு அதே மணிக்கூலி. குழந்தைகள் சின்னவர்களாக இருந்த ஆறு வருடம் அப்படித்தான் ஓட்டினேன், சம்பளத்தில் அடி விழவில்லை. என் அண்ணன் மனைவி வக்கீல். அவர் நேரத்தைக் குறைத்தபோது மணிக்கூலியும் சேர்ந்து குறைந்தது, பெரிய வழக்குகளும் போய்விட்டன.

ஆனால் கட்டுரையில் வராத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘யாரை வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம்’ என்பது நமக்கு எவ்வளவு வசதியோ, முதலாளிக்கும் அவ்வளவு வசதி. நான் சேர்ந்தபோது கவுண்டரில் நான்கு பேர். இப்போது இரண்டு. தடுப்பூசி, போன், காரிலிருந்தே மருந்து வாங்கிப்போகிறவர்களின் ஜன்னல் எல்லாம் நாங்களே. எத்தனை விநாடியில் போனை எடுத்தேன் என்றுகூட ஒரு அறிக்கை வரும். ஆணும் பெண்ணும் சமமாகத்தான் இருக்கிறோம், சமமாகக் கால் கடுக்க நிற்கிறோம்.


#8 பின்வரிசை
வியாழன், அதிகாலை 1:10

ஆராய்ச்சி மாணவன். தூக்கம் வராததால் டென்மார்க் பற்றிக் கொஞ்சம்.

அமெரிக்காவில் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு கொடுக்கும்படி மத்தியச் சட்டம் கிடையாது, டே கேர் செலவு கையைக் கடிக்கும், அதனால்தான் இப்படி என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். டென்மார்க்கில் இரண்டுமே தாராளம். அங்கே ஹென்ரிக் கிளேவன் என்ற பொருளாதார ஆய்வாளரும் இரண்டு சகாக்களும் நாட்டின் முழுப் பதிவேட்டையும், 1980 முதல் 2013 வரை, எடுத்துப் பார்த்தார்கள். சம்பளத்தைக் கோடாக வரைந்தால், முதல் குழந்தை பிறக்கும் வரை ஆண் கோடும் பெண் கோடும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் போகின்றன. பிறந்த வருடம் பெண் கோடு மட்டும் தொப்பென்று விழுகிறது. பத்து வருடம் ஆனாலும் எழுந்திருக்கவில்லை. நீண்ட கால இழப்பு 20 சதவீதம் அளவுக்கு. ஆண் கோட்டில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. அப்பாவானது அவர் சம்பளச் சீட்டுக்குத் தெரியவே தெரியாது.

‘பெற்றவள், பாலூட்டுகிறவள், வேறெப்படி இருக்கும்?’ என்று கேட்கலாம். அவர்களே பிறகு தத்தெடுத்த குடும்பங்களையும் பார்த்தார்கள். சில வருடம் போனால் அங்கேயும் இழப்பு ஏறக்குறைய அதே அளவு.


#9 கணக்கன்
வியாழன், காலை 10:00

தத்தெடுத்த குடும்பத் தகவல் எனக்குப் புதிது. கொஞ்சம் யோசிக்க வைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எல்லோரும் கோல்டினைக் கோயில் கட்டிக் கும்பிடுவதால் ஒரு கல் எறிந்துவிட்டுப் போகிறேன். அந்த இசைக்குழுக் கட்டுரை. திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொன்னால் பெண்கள் அதிகம் தேர்வாகிறார்கள் என்று கோல்டினும் சிசிலியா ரூஸும் 2000-ல் எழுதியது. காலணிச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாதென்று கம்பளம் விரித்தார்கள் என்ற கதையை ஒவ்வொரு அலுவலகப் பயிற்சி வகுப்பிலும் கேட்டாயிற்று. அட்டவணைகளைப் போய்ப் பாருங்கள். மாதிரி சின்னது, பிழை வரம்பு பெரியது, சில சுற்றுகளில் முடிவு எதிர்த்திசையிலேயே போகிறது.


#10 வைகைக்கரை
வியாழன், மாலை 6:30

கல் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. கட்டுரையிலேயே அந்தத் தயக்கம் எழுதப்பட்டிருக்கிறது. பயிற்சி வகுப்புக்காரர்கள் தயக்கத்தை உருவிவிட்டுக் கம்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பெரிய ஐந்து அமெரிக்க இசைக்குழுக்களில் 1970 வரை பெண்கள் 5 சதவீதத்துக்கும் கீழே, 90களின் கடைசியில் 25 சதவீதத்தை ஒட்டி. அந்த மாற்றம் நடந்தது உண்மை. அதில் எத்தனை பங்கு திரைக்குச் சேரும் என்பதுதான் வழக்கு. நான் அதை வகுப்பில் எடுப்பதை நிறுத்தி மூன்று வருடமாகிறது. எம்.பி.ஏ. கட்டுரை போதும்.


#11 கொடிவேரி
வியாழன், இரவு 9:15

எல்லோரும் டாலரில் பேசுகிறீர்கள். நான் முதல் பதிவில் இருந்த ‘மனைவி’ கட்டத்திலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் அந்தக் கட்டத்தை நானே நிரப்பியிருக்கிறேன்.

சில வருடம் ஒப்பந்தத்தில் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புக்குப் போனேன். நம் நாட்டுக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போட வேண்டும். வீட்டு வேலை மட்டும் பார்க்கிறவருக்கு 92. வீட்டு வேலையோடு விறகு, தீவனம் கொண்டுவருவது, வீட்டுத் தேவைக்குத் தைப்பது என்றும் செய்கிறவருக்கு 93. இரண்டுமே ‘உழைப்போர்’ கணக்கில் சேராது.

தென்காசிப் பக்கம் ஒரு வீடு. திண்ணையில் வீட்டுக்காரர் உட்கார்ந்து பதில் சொல்கிறார். ‘வீட்டம்மா என்ன செய்றாங்க?’ ‘அவ சும்மாதான் சார் இருக்கா.’ அவர் அதைச் சொல்லும்போது அந்த அம்மா பத்தடி தள்ளி, மடியில் சுளகை வைத்து, கை நிற்காமல் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். இலை, தூள், சுருட்டு, நூல். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு சுற்றுவீர்கள் என்று அவரிடமே கேட்டேன். ‘ஆயிரம் சுத்துவேன். பிள்ளைக்கு மேலுக்கு முடியலன்னா எழுநூறு.’ அதன்பிறகுதான் எண்ணை மாற்றிப் போட்டேன். அன்றைக்கு வெயில் ஏறி, இன்னும் பதினோரு வீடு பாக்கி இருந்திருந்தால் 92 என்று எழுதிவிட்டு எழுந்திருப்பேனோ என்னவோ. அப்படி எழுதிவிட்டு எழுந்த வீடுகளும் இருந்திருக்கும்.

அதனால் இந்தியாவில் பெண் உழைப்பாளர் விகிதம் 2017-18-ல் 23.3 சதவீதம், 2023-24-ல் 41.7 சதவீதம் என்ற செய்தியைப் பார்க்கும்போது எனக்கு இரட்டை மனசு. ஏறியது உண்மையாக இருக்கலாம். கூடியதில் கணிசமான பங்கு கிராமத்துச் சுயதொழில், அதிலும் கூலி இல்லாமல் குடும்பத் தொழிலில் கைகொடுக்கிறவர்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் எத்தனை பேர், முன்பே செய்துகொண்டிருந்ததை நாங்கள் இப்போதுதான் திரும்பக் கேட்டு எழுதியது எத்தனை? அந்தக் கிண்ண வளைவில் நாம் எந்த இடம் என்று வைகைக்கரை சார்தான் சொல்ல வேண்டும்.


#12 வைகைக்கரை
வியாழன், இரவு 10:05

கொடிவேரி, உங்கள் பதிவை நாளை வகுப்பில் வாசிக்கப் போகிறேன், அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

கிண்ணத்தில் நம் இடம் பற்றி: அமெரிக்கா இறங்கி ஏறிய பாதையில் எல்லா நாடும் வரிசையாக நடக்கும் என்று நான் நம்பவில்லை. கிண்ணத்தின் வலது பக்கம் ஏறுவதற்கு, படித்த பெண் போய் உட்காரக்கூடிய வேலை ஏராளமாக வேண்டும். நம்மிடம் படிப்பு ஏறிய வேகத்துக்கு அந்த வேலைகள் ஏறவில்லை. மிச்சத்தை நேரக் கணக்கு சொல்லும். நம் நாட்டில் 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவழித்தார்கள், ஈடுபட்ட ஆண்கள் 97. அதிலும் அன்றைய நாளில் வீட்டு வேலையைத் தொட்ட ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்.


#13 கடலோரம்
வெள்ளி, காலை 7:50

கனடா, ஸ்காபரோவிலிருந்து. முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிறேன். மூன்று நாட்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு விசயம் விளங்கவில்லை.

எம்.பி.ஏ., வக்கீல், மேனேஜர். இவர்களில் இரண்டு பேருமே விழுங்குகிற வேலைக்குப் போகும் வீடுகள் உண்டுதானே. வைகைக்கரை ஐயா எழுதின 9,000 டாலர் வீடு. அந்த வீட்டில் காய்ச்சல் பிள்ளையை யார் தூக்கி வைத்திருக்கிறது? எங்களைப் போல ஒருத்தி. அவளுக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அவளுக்கு அன்றைய சம்பளம் இல்லை. நெகிழ்வான குழு ஒன்றும் எங்களுக்கில்லை. அடுத்த கிழமை எத்தனை மணித்தியாலம் வேலை என்பதே இந்தக் கிழமைக் கடைசியில்தான் தெரியும். என்னுடைய வேலையும் கூப்பிட்டால் போக வேண்டிய வேலைதான். விழுங்குகிறது, ஆனால் அதற்கென்று கூடக் காசு தருவதில்லை.

கோல்டின் அம்மா எங்களைப் பற்றி ஏதும் எழுதினாவா? எழுதியிருந்தால் சொல்லுங்கோ, வாசிக்க ஆசை.


#14 வைகைக்கரை
வெள்ளி, இரவு 9:00

கடலோரம் அக்கா, இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே கனமானது உங்களுடையது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: ‘பேராசை வேலை’ வாதம் கல்லூரி முடித்தவர்களை, அதிலும் மேல்தட்டு வேலைக்காரர்களை வைத்துக் கட்டப்பட்டது. உங்கள் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அவர் எழுதியதில் உங்கள் பக்கம் வருகிற இடங்கள் வேறு இரண்டு. ஒன்று, 1977-ல் எழுதிய கட்டுரை. 1870, 1880 கணக்குகளை வைத்து, மணமான கறுப்பினப் பெண்கள் வெள்ளைப் பெண்களைவிடப் பல மடங்கு அதிகமாக வெளியே வேலைக்குப் போனதைப் பார்த்தார். வறுமை மட்டும் அதற்கு முழு விளக்கம் ஆகவில்லை. அடிமைமுறை விட்டுச்சென்ற வடு அதில் இருக்கிறது என்றார். வேலைக்குப் போவதே விடுதலை என்ற கதை எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிடப் பழைய ஆதாரம் என்னிடம் இல்லை.

இரண்டாவது, காட்ஸோடு சேர்ந்து படிப்புக்கும் தொழில்நுட்பத்துக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயம் பற்றிச் செய்த ஆய்வு. 1910-ல் அமெரிக்க இளைஞர்களில் 9 சதவீதம்தான் உயர்நிலைப் பள்ளி முடித்தார்கள். 1940-ல் பாதிப் பேர். ஊர் ஊராக வரி போட்டு இலவசப் பள்ளி கட்டியதன் பலன் அது. படித்தவர்கள் பெருகியதால் படிப்புக்குக் கிடைத்த கூடுதல் கூலி குறைந்தது, மேலும் கீழும் நெருங்கின. 1980 வாக்கில் படிப்பு ஏறும் வேகம் தளர்ந்தது, தொழில்நுட்பம் தளரவில்லை, பட்டதாரிக்கும் மற்றவருக்கும் நடுவில் பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தின் மேல்கரையில்தான் விழுங்கும் வேலைகள் கொழுத்தன. கீழ்க்கரையில் உங்கள் மணித்தியாலக் கூலி தேங்கியது. ஒரு கரையில் இருப்பவர் மறுகரையில் இருப்பவரை வேலைக்கு வைத்துக்கொள்ள முடிகிறது என்றால் காரணம் அந்த ஆழம்தான். இந்தக் கடைசி வரி என்னுடையது, அவர் தலையில் கட்டவில்லை.


#15 மட்டுறுத்துநர்
வெள்ளி, இரவு 9:20

பார்மசி ஆள்குறைப்பு பற்றித் தனிமடலில் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தனி இழை திறந்தாயிற்று. கடை பெயர்களை அங்கேயும் எழுத வேண்டாம்.


#16 நியூஜெர்சி நெல்லையான்
சனி, காலை 8:30

ஒரு பின்குறிப்பு. படிவத்தில் என் எண் முதலில் இருந்தும் போன் ஏன் அவளுக்குப் போகிறது என்று நேற்று பையனை விடப்போனபோது முன்மேசைப் பெண்ணிடம் கேட்டேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். படிவம் அலமாரியில் தூங்குகிறது. அவர்கள் பார்ப்பது செயலியை. அதில் கணக்குத் தொடங்கியவர் பெயர்தான் முதலில் நிற்கும். கணக்குத் தொடங்கியது என் மனைவி, பையனுக்கு மூன்று மாதமானபோது, ராத்திரி பால் கொடுத்துக்கொண்டே. நான் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மாற்ற முடியுமா என்றேன். முடியும், ஆனால் அவள்தான் உள்ளே போய் மாற்ற வேண்டுமாம். வீட்டுக்கு வந்து சொன்னேன். ‘அதையும் நான்தான் செய்யணுமா?’ என்று கேட்டுவிட்டுப் போனைக் கையில் கொடுத்தாள். கடவுச்சொல்லைக் கேட்டு நானே மாற்றினேன்.


#17 மாத்திரைக்காரி
சனி, காலை 11:05

குளிர்காலம் வருகிறது தம்பி. முதல் 100.4-க்கு யாருக்கு போன் வந்தது என்று இங்கே வந்து எழுதுங்கள். அன்றைக்கு உங்களுக்கு வாடிக்கையாளர் கூட்டம் இருந்ததா என்பதையும் சேர்த்து.